ஒரு வரிக்குள் மூன்று படிகள்

2003 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, பிற்பகல் 2:14 மணி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் உறைந்துபோனது. எச்சரிக்கை வராததால் எல்லாம் சரியாக இருப்பதாகவே ஊழியர்கள் நினைத்தார்கள். எச்சரிக்கை நின்றுவிட்டது என்று எச்சரிக்க அங்கே வேறொன்று இல்லை. 2:41-க்கு முதன்மை சர்வர் விழுந்தது. அதன் வேலைகளைத் தானாக ஏற்றுக்கொண்ட மாற்று சர்வரும் 2:54-க்கு விழுந்தது. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 345 கிலோவோல்ட் மின்தடங்கள் மூன்று, வெட்டப்படாமல் வளர்ந்திருந்த மரங்களில் பட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டன. நான்கு மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் அமெரிக்காவின் 8 மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை.

மரங்கள், மின்சுமை, ஊழியர் பயிற்சி என்று காரணங்கள் பல. மென்பொருள் அவற்றில் ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க, அந்த மென்பொருளை உருவாக்கிய ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர்களுக்குப் பல வாரங்கள் ஆயின. அவர்கள் அலசியது எக்ஸ்ஏ/21 என்ற அமைப்பின் சி, சி++ நிரல்களை. ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு செயல்பாடுகள் நினைவகத்தில் ஒரே தரவுத்தொகுப்பில் எழுத அனுமதி பெற்றுவிட்டன என்பது கடைசியில் தெரிந்தது. இரண்டும் எழுதியதில் தரவு சிதைந்தது. அதைப் படித்த எச்சரிக்கை நிரல் முடிவில்லாத சுழற்சியில் மாட்டிக்கொண்டது. இந்த மோதலுக்கு வாய்ப்பிருந்த இடைவெளி சில மில்லிவினாடிகள் மட்டுமே.

இந்த வகைப் பிழைக்கு ரேஸ் கண்டிஷன் என்று பெயர். ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும் நிரல்களை சி மொழியில் எழுதப் பழகும் எவரும் முதல் நாளே இதைச் சந்திக்கிறார்கள். பெரும்பாலோர் சந்தித்தது தெரியாமலேயே கடந்துபோகிறார்கள்.

ஒரு நிரலை ஓட்டினால் இயங்குதளம் அதற்கென ஒரு ப்ராசஸை உருவாக்கித் தனி நினைவகப் பரப்பு ஒன்றை ஒதுக்குகிறது. ஒரு ப்ராசஸ் இன்னொன்றின் நினைவகத்தைத் தொட முடியாது. த்ரெட் என்பது அந்தப் பரப்புக்குள்ளேயே ஓடும் ஒரு செயல்வரிசை. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியாக ஒரு ஸ்டாக் உண்டு, அதில் அதன் ஃபங்ஷன்களின் உள்மாறிகள் இருக்கும். எந்தக் கட்டளையில் நிற்கிறது என்ற கணக்கும் தனி. மற்ற எல்லாம் பொது. குளோபல் மாறிகள், மாலாக் மூலம் பெற்ற நினைவகம், திறந்து வைத்த கோப்புகள் எல்லாவற்றையும் எல்லா த்ரெட்டுகளும் கேட்காமலேயே படிக்கலாம், எழுதலாம். த்ரெட்டின் வேகத்துக்குக் காரணம் இதுதான். அதன் ஆபத்துக்கும் இதுவே காரணம்.

ஒரு காலத்தில் இந்தத் தலையிடி வேண்டாம் என்று ஒதுங்கிவிட முடிந்தது. 1990-களில் ஒரு நிரல் மெதுவாக ஓடினால் அடுத்த ஆண்டின் சிப்பை வாங்கினால் போதும், அதே நிரல் வேகமாக ஓடும். அந்தச் சலுகை சிப் சூடானதில் முடிந்தது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளியிடும் திட்டத்தை இன்டெல் 2004 அக்டோபரில் கைவிட்டது. 2005-இல் இன்டெல், ஏஎம்டி இரண்டும் ஒரே சிப்பில் இரண்டு கோர்கள் கொண்ட மேசைக்கணினி ப்ராசசர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. அதற்குப் பிறகு வேகம் வேண்டுமென்றால் நிரலாளர் தானே வேலையைப் பிரித்துக் கோர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றாகிவிட்டது.

சி மொழியில் இதற்கான பழைய வழி பி-த்ரெட்ஸ் நூலகம். போசிக்ஸ் தரநிலையின் பகுதியாக 1995-இல் வந்தது. லினக்ஸிலும் மேக்கிலும் இன்றும் பயன்பாட்டில் இருப்பது இதுவே. அடிப்படை வேலைக்கு இரண்டு ஃபங்ஷன்கள் போதும். ‘கிரியேட்’ ஒரு த்ரெட்டைத் தொடங்குகிறது: எந்த ஃபங்ஷனை ஓட்ட வேண்டும், அதற்கு என்ன தகவல் தர வேண்டும் என்று சொன்னால் போதும். ‘ஜாயின்’ அந்த த்ரெட் முடியும்வரை காத்திருக்கிறது. ஜாயினை மறந்துவிட்டு மெயின் ஃபங்ஷன் முடிந்துவிட்டால், பாதி வேலையில் இருக்கும் எல்லா த்ரெட்டுகளும் அதோடு அழிந்துவிடும். திரையில் எதுவும் அச்சாகாமல் நிரல் முடிவதைப் பார்த்துக் குழம்பும் மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கியிருப்பார்கள்.

அடுத்த சறுக்கல் சி மொழிக்கே உரியது. ஒரு ஃபார் சுழற்சியில் நான்கு த்ரெட்டுகளைத் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் அதன் வரிசை எண்ணைத் தர வேண்டும். கிரியேட் கேட்பது ஒரு பாயின்டர். அதனால் சுழற்சி மாறியின் முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். 0, 1, 2, 3 என்று அச்சாகும் என்று எதிர்பார்த்தால் 2, 2, 4, 4 என்று ஏதோ வருகிறது. த்ரெட் ஓடத் தொடங்கி முகவரியைத் திறந்து பார்ப்பதற்குள் மெயின் அந்த மாறியின் மதிப்பைக் கூட்டிவிட்டிருக்கும். நான்கு த்ரெட்டுகளுக்கும் போனது ஒரே முகவரி. ஒவ்வொன்றுக்கும் தனி இடத்தில் எண்ணை வைத்து அந்த இடத்தின் முகவரியைத் தருவதே சரி. கம்பைலர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

இனி முக்கியமான சோதனை. ‘எண்ணிக்கை’ என்று ஒரு குளோபல் மாறி. தொடக்க மதிப்பு 0. இரண்டு த்ரெட்டுகள். ஒவ்வொன்றும் ‘எண்ணிக்கை++;’ என்ற ஒரே வரியை 10 லட்சம் முறை செய்கிறது. இரண்டும் முடிந்த பிறகு விடை 20 லட்சமாக இருக்க வேண்டும். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்து பல கோர் கொண்ட கணினியில் ஓட்டினால் விடை பெரும்பாலும் அதைவிடக் குறைவாக வரும். மறுபடி ஓட்டினால் வேறொரு எண். உள்ளீடு மாறவில்லை, நிரல் மாறவில்லை, விடை மட்டும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது.

சி-யில் ஒரு வரியாகத் தெரிவது ப்ராசசருக்கு மூன்று படிகள். நினைவகத்திலிருந்து மதிப்பை எடுத்து ரெஜிஸ்டரில் வைப்பது முதல் படி. ரெஜிஸ்டரில் ஒன்றைக் கூட்டுவது இரண்டாவது. கூட்டியதை மீண்டும் நினைவகத்தில் எழுதுவது மூன்றாவது. முதல் த்ரெட் 41-ஐ எடுக்கிறது. அது எழுதுவதற்குள் இரண்டாவதும் 41-ஐ எடுக்கிறது. இரண்டும் 42 என்று எழுதுகின்றன. இரண்டு கூட்டல்கள் நடந்தன. எண்ணிக்கை ஏறியது ஒன்று.

விடை எவ்வளவு தூரம் குறையலாம்? ‘பாதியாவது மிஞ்சும், 10 லட்சத்துக்குக் கீழே போகாது’ என்றுதான் பலருக்கும் தோன்றும். உண்மையான குறைந்தபட்சம் 2. முதல் த்ரெட் 0-ஐ எடுத்துக்கொண்டு அப்படியே நிறுத்தி வைக்கப்படுகிறது என்று கொள்வோம். இரண்டாவது த்ரெட் தன் கடைசிச் சுற்றைத் தவிர எல்லாவற்றையும் முடிக்கிறது, எண்ணிக்கை 9,99,999. இப்போது முதல் த்ரெட் விழித்துத் தன் கையிலுள்ள 0-வோடு ஒன்றைக் கூட்டி 1 என்று எழுதுகிறது. ஏறக்குறைய 10 லட்சம் கூட்டல்கள் ஒரே எழுத்தில் அழிந்தன. இரண்டாவது த்ரெட் தன் கடைசிச் சுற்றுக்காக அந்த 1-ஐ எடுத்துக்கொண்டு நிற்கிறது. முதல் த்ரெட் தன் மீதிச் சுற்றுகளையெல்லாம் ஓடி முடிக்கிறது. கடைசியாக இரண்டாவது த்ரெட் கையிலுள்ள 1-ஐ 2 ஆக்கி எழுதுகிறது. நிரல் முடிந்தது; விடை 2. நடைமுறையில் இப்படி அமைவது மிக மிக அரிது. ஆனால் மொழியிலோ ப்ராசசரிலோ இதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. அதே நிரலை ஜிசிசி கம்பைலரில் ஆப்டிமைசேஷனை இயக்கிக் கம்பைல் செய்தால் விடை பெரும்பாலும் மிகச் சரியாக 20 லட்சம் வரும். 10 லட்சம் முறை ஒன்றைக் கூட்டும் சுழற்சியைப் பார்த்த கம்பைலர், சுழற்சியையே எடுத்துவிட்டு ஒரே அடியாக 10 லட்சத்தைக் கூட்டும் கட்டளையாக மாற்றிவிடுகிறது. மோதலுக்கான இடைவெளி நானோவினாடிகளாகச் சுருங்குகிறது. பிழை அங்கேயேதான் இருக்கிறது, வெளியே தெரிய வாய்ப்புதான் குறைந்துவிட்டது. ஆயிரம் முறை சரியாக ஓடியதால் இந்த நிரல் சரியானது என்று சொல்ல முடியாது. ஒற்றை த்ரெட் நிரல்களில் சோதித்துப் பார்த்தே நம்பிக்கை வளர்த்துக்கொண்ட நிரலாளருக்கு இதை ஏற்பது கடினம்.

ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர்களும் இதே சுவரில்தான் மோதினார்கள். இயல்பான வேகத்தில் ஓட்டிப் பார்த்து அவர்களால் பிழையை வரவழைக்க முடியவில்லை. நிரலுக்குள் வேண்டுமென்றே தாமதங்களைச் செருகி, கணினியை மெதுவாக்கி, கூடவே எச்சரிக்கைகளை ஊட்டிய பிறகுதான் அது வெளிப்பட்டது. இந்த உத்தி மாணவருக்கும் உதவும். சந்தேகமுள்ள இடத்தில், எடுப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே ஒரு சிறு தூக்கத்தை வைத்தால், ஒளிந்திருந்த ரேஸ் பெரும்பாலும் முதல் ஓட்டத்திலேயே தலைகாட்டும்.

தீர்வு, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே அந்த மூன்று படிகளுக்குள் நுழைய விடுவது. டச்சு கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965-இல் இந்தச் சிக்கலையும், எத்தனை செயல்வரிசைகள் இருந்தாலும் பொருந்தும் ஒரு தீர்வையும் ஏறத்தாழ ஒரே பக்கத்தில் எழுதி வெளியிட்டார். பி-த்ரெட்ஸில் அதன் நடைமுறை வடிவம் மியூடெக்ஸ் என்ற பூட்டு. கூட்டலுக்கு முன் லாக், பின் அன்லாக். பூட்டை ஒரு த்ரெட் வைத்திருக்கும்போது இன்னொன்று கேட்டால் அது காத்திருக்கும். எத்தனை முறை ஓட்டினாலும் விடை 20 லட்சம்.

ஆனால் மியூடெக்ஸ் எந்த மாறியைக் காக்கிறது என்று சி மொழிக்குத் தெரியாது. பூட்டும் தரவும் நினைவகத்தில் வேறு வேறு இடத்தில் கிடக்கின்றன. இரண்டையும் இணைப்பது நிரலாளரின் மனதில் உள்ள ஒப்பந்தம் மட்டுமே. பத்து இடங்களில் பூட்டிவிட்டுப் பதினோராவது இடத்தில் மறந்தால் கம்பைலர் தடுக்காது. அதனால்தான் தேர்ந்தவர்களின் நிரலில், ஒவ்வொரு பொது மாறியின் அறிவிப்புக்கு மேலும் அதை எந்தப் பூட்டு காக்கிறது என்று ஒரு குறிப்பு இருக்கும். நிரல் எழுதும் முன்பே இந்தப் பட்டியலைப் போட்டுவிடுவது, எழுதிய பிறகு செய்யும் எத்தனையோ நாள் சோதனையை விட மதிப்புள்ளது.

பூட்டுக்கு விலையும் உண்டு. 20 லட்சம் கூட்டலுக்கு 20 லட்சம் முறை பூட்டினால், இரண்டு த்ரெட்டுகள் கொண்ட நிரல் ஒரு த்ரெட் நிரலை விட மெதுவாக ஓடும். நல்ல வழி, ஒவ்வொரு த்ரெட்டும் தன் ஸ்டாக்கில் உள்ள சொந்த மாறியில் கூட்டிக்கொண்டே போய், முடிவில் ஒரே ஒரு முறை பூட்டிப் பொது எண்ணிக்கையில் சேர்ப்பது. இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஸ்டாக்குக்குப் பதில் ஒரு பொது வரிசையில் பக்கத்துப் பக்கத்து இடங்களைத் த்ரெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் விடை சரியாக இருக்கும், வேகம் படுத்துவிடும். ப்ராசசர் நினைவகத்தை ஒவ்வொரு எண்ணாகக் கையாள்வதில்லை. பெரும்பாலான சிப்களில் 64 பைட் கொண்ட துண்டுகளாகக் கையாள்கிறது. இரண்டு எண்கள் ஒரே துண்டில் இருந்தால் ஒரு கோர் எழுதும் ஒவ்வொரு முறையும் மற்ற கோரிடமுள்ள பிரதி செல்லாததாகி, துண்டு முழுவதும் கோர்களுக்கிடையே அலைகிறது.

எவ்வளவு திறமையாகப் பிரித்தாலும் ஓர் எல்லை உண்டு. ஐபிஎம்மில் பணியாற்றிய ஜீன் ஆம்டால் 1967-இல் சுட்டிக்காட்டியது அது. ஒரு வேலையில் 95 விழுக்காட்டைப் பிரிக்க முடிந்து 5 விழுக்காடு வரிசையாகத்தான் நடக்க வேண்டுமென்றால், ஆயிரம் கோர்களைக் கொடுத்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது.

பூட்டுகள் இரண்டாகும்போது புதிய சிக்கல் பிறக்கிறது. ஒரு த்ரெட் அ என்ற கணக்கிலிருந்து ஆ-வுக்குப் பணம் மாற்றுகிறது. அ-வைப் பூட்டிவிட்டு ஆ-வைக் கேட்கிறது. அதே நொடியில் இன்னொரு த்ரெட் ஆ-விலிருந்து அ-வுக்கு மாற்றுகிறது. ஆ-வைப் பூட்டிவிட்டு அ-வைக் கேட்கிறது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து என்றென்றைக்கும் நிற்கும். இது டெட்லாக். எல்லா த்ரெட்டுகளும் பூட்டுகளை எப்போதும் ஒரே வரிசையில்தான் எடுக்க வேண்டும் என்ற எளிய விதி இதைத் தடுத்துவிடும். விதி எளிது, லட்சக்கணக்கான வரிகளில் அதைக் காப்பது எளிதல்ல. அதனால் லினக்ஸ் கெர்னலிலேயே 2006-இல் லாக்டெப் என்ற கருவியைச் சேர்த்தார்கள். பூட்டுகள் எடுக்கப்படும் வரிசையைக் குறித்துக்கொண்டே வந்து, முரண்பட்ட வரிசை தெரிந்தால் உண்மையான டெட்லாக் நேர்வதற்கு முன்பே அது எச்சரிக்கும்.

இத்தனைக்கும் நடுவே சி மொழி என்ன செய்துகொண்டிருந்தது? நீண்ட காலம் எதுவும் செய்யவில்லை. 1989, 1999 ஆண்டுகளின் சி தரநிலைகளில் த்ரெட் என்ற ஒன்றே கிடையாது. நிரலில் ஒரே ஒரு செயல்வரிசைதான் என்ற நம்பிக்கையில் கம்பைலர்கள் நிரலை மாற்றியமைத்தன. அதன் விளைவை ஓர் எளிய நிரலில் பார்க்கலாம். ‘முடிந்தது’ என்ற சாதாரண மாறி 1 ஆகும்வரை ஒரு த்ரெட் வெறும் சுழற்சியில் காத்திருக்கிறது. இன்னொரு த்ரெட் அதை 1 ஆக்குகிறது. சுழற்சிக்குள் யாரும் அந்த மாறியைத் தொடவில்லை என்று கண்ட கம்பைலர், அதை ஒரே முறை படித்துவிட்டு நிரந்தரச் சுழற்சியாக மாற்றிவிடலாம். மாற்றியும் விடுகிறது.

எச்பி ஆய்வகத்தில் இருந்த ஹான்ஸ் போம் 2005-இல் ஒரு கட்டுரையில் இதை உறுதியாக எடுத்துரைத்தார்: கம்பைலருக்குத் தெரியாமல் வெறும் நூலகமாக த்ரெட்டுகளைச் சேர்த்தால் அவை சரியாக இயங்கும் என்று உறுதி தர முடியாது. ஒரு ஸ்ட்ரக்சரில் அடுத்தடுத்து உள்ள இரண்டு சிறு புலங்களில் ஒன்றை மட்டும் நிரலாளர் மாற்றினாலும், கம்பைலர் இரண்டையும் சேர்த்து எடுத்துச் சேர்த்து எழுதலாம். பக்கத்துப் புலத்தில் இன்னொரு த்ரெட் எழுதியது அழிந்துபோகலாம். நிரலில் இல்லாத ரேஸைக் கம்பைலர் உண்டாக்குகிறது. இத்தகைய வாதங்களுக்குப் பிறகு வந்த 2011-ஆம் ஆண்டின் சி11 தரநிலையில் முதல்முறையாக த்ரெட், மியூடெக்ஸ், அட்டாமிக் மாறிகள் எல்லாம் மொழிக்குள்ளேயே இடம்பெற்றன. எண்ணிக்கையை அட்டாமிக் என்று அறிவித்தால், ‘எண்ணிக்கை++’ பிரிக்க முடியாத ஒரே படியாகிவிடும், பூட்டு தேவையில்லை. ஒரே தரவை இரண்டு த்ரெட்டுகள் ஒழுங்கின்றித் தொட்டு, அதில் ஒன்றாவது எழுதுவதாக இருந்தால், அந்த நிரலின் நடத்தை வரையறையற்றது என்றும் தரநிலை அறிவித்தது. தவறான எண் வரும் என்பதல்ல இதன் பொருள். என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்பது.

கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிழைகளைத் தேட இப்போது நல்ல கருவி இருக்கிறது. கூகுளில் உருவான த்ரெட்சானிடைசர் ஜிசிசி, கிளாங் இரண்டு கம்பைலர்களிலும் கிடைக்கிறது. அதை இயக்கிக் கம்பைல் செய்தால் நிரல் பல மடங்கு மெதுவாக ஓடும், ஆனால் எந்த த்ரெட் எந்த வரியில் எந்த முகவரியைப் பூட்டின்றித் தொட்டது என்று வரி எண்ணோடு சொல்லிவிடும். தற்செயலாக விடை சரியாக வந்த ஓட்டத்திலும் அது ரேஸைக் காட்டிக்கொடுக்கும். சி-யில் த்ரெட் கற்கும் ஒருவர் முதல் நாளிலிருந்தே இதைப் பயன்படுத்தாமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை.

ஆனாலும் எந்த ரேஸும் இல்லாத, பூட்டுகளைச் சரியாகவே எடுக்கும் நிரலும் தடுமாறலாம். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி, வானிலைத் தரவைச் சேகரிக்கத் தொடங்கிய சில நாள்களில் தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ள ஆரம்பித்தது. அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இயங்குதளம். ஒவ்வொரு பணிக்கும் அதில் ஒரு முன்னுரிமை உண்டு. தகவல் தடத்தைக் கவனிக்கும் பணிக்கு உயர்ந்த முன்னுரிமை, வானிலைப் பணிக்குத் தாழ்ந்தது. இரண்டும் ஒரு மியூடெக்ஸைப் பகிர்ந்துகொண்டன. வானிலைப் பணி பூட்டை வைத்திருந்த நேரத்தில் தகவல் தடப் பணி அதற்காகக் காத்து நின்றது. அது நியாயமான சிறு காத்திருப்புதான். ஆனால் இடையில் நடுத்தர முன்னுரிமையுள்ள தொலைத்தொடர்புப் பணி எழுந்து வானிலைப் பணியை ஓரங்கட்டியது. பூட்டு வைத்திருப்பவருக்கு ஓட வாய்ப்பில்லை, அதனால் உயர்ந்த பணியும் நகரவில்லை. அது உரிய நேரத்தில் முடியாததைக் கண்ட கண்காணிப்பு அமைப்பு எல்லாவற்றையும் ரீசெட் செய்தது. ஏவுவதற்கு முன்பே தரையில் நடந்த சோதனைகளில் இது தலைகாட்டியிருந்தது. மறுபடி வரவழைக்க முடியாததால் அப்போது பிடிபடவில்லை.

கலிஃபோர்னியாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் கலத்தின் நகலில் அதே நிலைமையை உருவாக்கிப் பார்த்த பொறியாளர்கள் காரணத்தைப் பிடித்தார்கள். தீர்வு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. முக்கியமான ஒரு பணி பூட்டுக்காகக் காத்திருந்தால், பூட்டை வைத்திருக்கும் பணிக்கு அந்த உயர்ந்த முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தர வேண்டும் என்ற முறையை லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவரும் 1990-இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டிருந்தார்கள். இவர்களில் ராஜ்குமார் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். விஎக்ஸ்வொர்க்ஸில் அந்த வசதி இருந்தது, ஆனால் குறிப்பிட்ட மியூடெக்ஸுக்கு அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கும் மாற்றம் பூமியிலிருந்து செவ்வாய்க்கு அனுப்பப்பட்டது, ரீசெட்கள் நின்றன.

இதே வசதி இன்று பி-த்ரெட்ஸிலும் உண்டு. லினக்ஸ் கெர்னல் 2006 முதல் அதற்குத் துணை நிற்கிறது. மியூடெக்ஸை உருவாக்கும் முன் அதன் பண்புத்தொகுப்பில் முன்னுரிமையைக் கடத்தும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கு ஒரே ஒரு ஃபங்ஷன் அழைப்பு போதும். கேட்காமல் விட்டால் லினக்ஸில் கிடைக்கும் மியூடெக்ஸில் அந்த வசதி இருக்காது.